இடது கைத் துப்பாக்கி

நவம்பர் பதினைந்து நெருங்கிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "எந்தக் கேம்ப்புக்குப் போற?" என்பதுதான் வணக்கம். மான் வேட்டை திறக்கும் நாள் அது; கேம்ப் என்றால் காட்டுக்குள் வேட்டைக்காரர்கள் தங்குகிற குடிசை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. மர அறுவை மில்லில் அன்று சங்கு ஊதினாலும் உள்ளே போக ஆள் கிடையாது என்பதால் மில்காரர் சங்கே ஊதுவதில்லை. அந்த வாரத்தில் கல்யாணம் வைக்கிற மடையன் யாரும் இங்கே பிறக்கவில்லை. ஒருமுறை பாதிரியாரே ஒரு பிணத்தை இரண்டு நாள் தள்ளிப் புதைத்தார். செத்தவரும் வேட்டைக்காரர்தான், கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த வருடம் ரெய்னோ கங்காஸ் தான் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டான்.

வசந்தத்தில் மில்லில் பெரிய மரத்தடிகளை இறுக்கிப் பிடித்திருந்த சங்கிலி அறுந்து அவன் முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது. காயம் ஆறியது, தையல் பிரித்தார்கள், கறுப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்தவன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. பேச்சில்லை. சண்டைகூட இல்லை. உருளைக்கிழங்கு உரித்தான். அவன் பெண்டாட்டி ஹெல்வி பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க இருநூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இரண்டு பேருக்கு ஒரு வாளி நிறைய உரித்த கிழங்கு தண்ணீரில் கிடக்கும்.

"இதெல்லாம் யார் திங்கறது?"

"எனக்கென்ன தெரியும். உரிச்சேன்."

"நாளைக்கு டர்னிப் வாங்கிட்டு வரட்டா? அதையும் உரிக்கிறியா?"

"வாங்கிட்டு வா."

அவள் கிண்டலாகக் கேட்டாள். அவன் நிஜமாகவே சொன்னான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செப்டம்பரில் ஹெல்வியின் தம்பி கஸ் வந்து மச்சானை இழுத்துக்கொண்டு சரளைக் குழிக்குப் போனான். ஊருக்கு வெளியே, கவுண்டி என்கிற ஜில்லாக்காரர்கள் ரோட்டுக்குச் சரளை தோண்டிய பள்ளம். எல்லோரும் துப்பாக்கி சுட்டுப் பார்க்கிற இடம். வலது கண் இல்லாதவன் இடது தோளில்தான் வைத்துச் சுட வேண்டும். ரெய்னோவின் துப்பாக்கியோ வலது கைக்காரனுக்குச் செய்தது. ஒரு குண்டு சுட்டதும், கதவுத் தாழ்ப்பாளைப் போலப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்கினால்தான் அடுத்த குண்டு ஏறும். அந்தப் பிடி வலது பக்கம் இருக்கிறது. இடது தோளில் வைத்தவன் துப்பாக்கிக்கு மேலே கையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடிக்க வேண்டும். அதற்குள் குழல் தரையைப் பார்க்கும், மான் அடுத்த கவுண்டியில் இருக்கும். ரெய்னோ ஒரு குண்டு சுட்டான், தடுமாறினான், இரண்டாவது குண்டைச் சுடாமலே துப்பாக்கியைக் கஸ்ஸின் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தான்.

"வச்சுக்கோ. வேணும்னா வித்துடு."

கஸ் அதை அக்காவிடம் வந்து சொன்னான். ஹெல்விக்கு அழுகை வரவில்லை. அவள் அன்றைக்கே ஆர்மண்ட் கடைக்குப் போனாள்.

ஆர்மண்ட் லெமியு ரம்பம் ரிப்பேர் பார்க்கிற கிழவர். முன்பக்கம் எண்ணெயும் மரத்தூளுமாக மோட்டார் ரம்பங்கள் தொங்கும். பின்பக்கம் ஒரு கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் துப்பாக்கி வியாபாரம். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய அரசாங்க லைசென்ஸ். பேரப்பிள்ளைகள் படம் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடி கிடையாது.

"புருஷன் கையை மாத்த முடியாது. துப்பாக்கிய மாத்தணும்" என்றாள் ஹெல்வி.

"இடது கைத் துப்பாக்கியா? அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணு பொண்ணே. புதுசா வாங்கினா உன் சமையல்கட்டையே விக்கணும். யாராவது சொந்தமா வச்சிருக்கறவன் விக்கிறானான்னு கம்ப்யூட்டர்ல தேடு. கிடைச்சா என்கிட்ட வா. வெளி மாநிலத்துக்காரன் நேரா உன் கையில அனுப்பக் கூடாது. என் பேருக்குத்தான் அனுப்பணும். நான் வாங்கிப் பதிஞ்சு, உன்னைப் போலீஸ்ல விசாரிச்சு, அப்புறம்தான் உன் கையில குடுப்பேன்."

"என்னையா? என்னைப் பத்தி விசாரிக்க என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும். உன் இறைச்சி உருண்டைய தின்னவன் யாராவது செத்திருக்கலாம்."

பள்ளிக்கூட ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஹெல்வி தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு தேடினாள். அக்டோபர் கடைசியில் கிடைத்தது. ஐடஹோ மாநிலத்தில் வெண்டல் என்று ஒருவர். அவரும் இடது கைக்காரர். இரண்டு வைத்திருந்தார், ஒன்றை விற்றால்தான் வீட்டுக்குள் சோறு என்று மனைவி சொல்லிவிட்டாளாம். ஹெல்வி போன் போட்டாள்.

"நான் பணம் அனுப்பிடறேன். நீங்க வீட்டு விலாசத்துக்கே அனுப்பிடுங்களேன். சீக்கிரம் வந்துடும்."

"அம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறியே!"

"ஐயோ, இல்லைங்க. சீசன் வருதேன்னு..."

"சீசன் எனக்கும்தான் வருது. உங்க ஊர் டீலர் கையெழுத்துப் போட்ட லைசென்ஸ் காப்பி என் கையில வரணும். வந்த அன்னிக்கே தபாலாபீஸ் போவேன். அதுக்கு முன்னாடி போக மாட்டேன். என் மாமியார் கேட்டாலும் போக மாட்டேன்."

"சரிங்க."

"உன் வீட்டு விலாசமும் சொல்லு."

ரசீதுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவள் சொன்னாள். அவர் எதற்குக் கேட்டார் என்று அவள் கேட்கவில்லை. அவர் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் என்பதால் அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ரெய்னோவைத் தவிர. ஆர்மண்ட் யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே எல்லோரிடமும் சொன்னார். மளிகைக்கடையில் ரெய்னோ கிழங்கு வாங்க வந்தால் பேச்சு நின்றுபோகும், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பனியைப் பற்றிப் பேசுவார்கள். தேவாலயத்தில் ஒரு கிழவி ஹெல்வியின் கையைப் பிடித்து, "வந்துடுச்சா?" என்று வாயசைத்தாள். தபால் வண்டி ஓட்டுகிற ஜோலீன் தினமும் ஆர்மண்ட் கடை வாசலில் ஹார்ன் அடித்து, கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவாள். இல்லை என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்குமே அந்த நாட்களில் ஒரு காய்ச்சல் இருந்தது. எனக்குக்கூட. வேட்டைக்குப் போகாத ஆள் நான்.

ஆனால் நீளப் பெட்டிக்கு முன்னால் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது.

அது ஆர்மண்ட் கடைக்கு வரவில்லை. கங்காஸ் வீட்டுக்கு வந்தது. ஜோலீன் கதவைத் தட்டி ரெய்னோ கையிலேயே கொடுத்தாள். ஹெல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பொட்டலம் சின்னது, கனம் அதிகம். ரெய்னோ கிழங்குக் கத்தியாலேயே அதை அறுத்தான். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு போல்ட். வெண்டல் துப்பாக்கியை என்றைக்கும் முழுசாக அனுப்பமாட்டார். போல்ட்டைக் கழற்றித் தனியாக வாங்குபவர் வீட்டுக்கு அனுப்புவார். வழியில் எவனாவது பெட்டியைத் திருடினால் அவனிடம் இருப்பது வெறும் இரும்புக் குழாய். போல்ட் தனியாகத் துப்பாக்கி ஆகாது, அதை யார் வீட்டுக்கும் தபாலில் போடலாம்.

ரெய்னோ அதைத் திருப்பிப் பார்த்தான். பிடி இடது பக்கம் இருந்தது.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மளிகைக்கடைப் பேச்சு ஏன் நின்றது, கஸ் ஏன் சும்மா சும்மா சிரித்தான், எல்லாம். முதலில் வந்தது கோபம்தான். பாவம் ரெய்னோ, பாவம் அவன் கண் என்று ஊரே கூடி உச்சுக்கொட்டியிருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றுப் பாலத்துக்கு நடந்தான். தூக்கித் தண்ணீரில் போடுவதற்குத்தான் போனான். பாலத்தின் மேல் நின்று போல்ட்டை வெளியே எடுத்தான். காற்று முகத்தில் அடித்தது. கை அதுவாக அந்தப் பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, தள்ளி, மடக்குகிற மாதிரி வெறும் காற்றில் அசைந்தது. திரும்பவும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஹெல்வியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தினமும் பாலத்துக்குப் போனான். தினமும் போல்ட்டோடு திரும்பி வந்தான்.

பதினான்காம் தேதி வந்தது. காலையிலிருந்தே பொடிப் பனி. ஊரில் வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாகக் காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. பின்னால் மெத்தைகள், பீர்ப் பெட்டிகள், விறகு, நாய்கள். மதியம் ஆகப்போகிற நேரத்தில் ஆர்மண்ட் கடை வாசலில் ஜோலீன் ஹார்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. நீளமான பெட்டி. ஆர்மண்ட் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். ஹெல்வி அடுப்பில் கொதித்த சூப்பைப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"தொடக் கூடாது!" என்றார் ஆர்மண்ட். "முதல்ல நான் பதியணும்."

"திறந்தாவது காட்டுங்க கிழவரே!"

"பதியணும்னா திறந்துதான் ஆகணும். தள்ளி நில்லு. மூச்சு விடாத."

நாடாக்களை அறுத்தார். உள்ளே அட்டை, பிறகு ஒரு பழைய கம்பளி, பிறகு துப்பாக்கி. வால்நட் கட்டை, தேன் நிறம். ஆர்மண்ட் விசிலடித்தார். எடுத்துத் திருப்பினார். விசில் பாதியில் நின்றது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. அதன் வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

"என்ன?" என்றாள் ஹெல்வி.

"பாதித் துப்பாக்கி ஐடஹோவிலேயே இருக்கு."

அவள் கம்பளியை உதறினாள். பெட்டியைக் கவிழ்த்தாள். அட்டையைக் கிழித்தாள். ஒன்றுமில்லை. வேறு போல்ட் போடலாமா என்றாள். இடது கைப் போல்ட் இந்த மாநிலத்திலேயே கிடையாது, கிடைத்தாலும் அந்தக் குழலுக்கு அளவு பார்த்துத்தான் போட வேண்டும், இல்லையென்றால் முகத்திலேயே வெடிக்கும் என்றார் ஆர்மண்ட். "அவனுக்கு மிச்சம் இருக்கறது ஒரே கண்ணு."

போனை எடுத்து வெண்டல் வீட்டுக்குப் போட்டாள். மனைவிதான் எடுத்தாள்.

"அவரு மலைக்குப் போயிட்டாரும்மா. அங்க போன் எடுக்காது."

"உங்க வீட்டுக்காரரு போல்ட்டை அனுப்பவேயில்லை!"

"அனுப்பாம இருப்பாரா? துப்பாக்கிக்கு முன்னாடியே போட்டாரே. நான்தான் ஸ்டாம்ப் ஒட்டினேன். உங்க வீட்டுக்கு. அவரு அப்படித்தான், ரெண்டையும் ஒண்ணா அனுப்பவே மாட்டாரு. வந்து சேரலையா?"

ஹெல்வி போனைக் கீழே வைத்தாள். வெளியே பார்த்தாள். ஜோலீன் இன்னும் வாசலில்தான் இருந்தாள், என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அவளால் போக முடியவில்லை.

"ஏய் ஜோலீன்! எங்க வீட்டுக்கு சின்னப் பொட்டலம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சே. போன வாரமே. ரெய்னோ கையில குடுத்தேன். கனமா இருந்துச்சு."

"ஏன்டி என்கிட்ட சொல்லல!"

"உன் வீட்டுத் தபாலை உன் வீட்டுல குடுத்தேன். அதையும் வந்து சொல்லணுமா? நான் தபால்காரியா, செய்தி வாசிக்கறவளா?"

ஹெல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அவனுக்குத் தெரியும். ஒரு வாரமாத் தெரியும். என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டான். ஒரு வார்த்தை சொல்லல. எங்கயாவது போட்டுத் தொலைச்சிருப்பான் ஆர்மண்ட். ஆத்துல போட்டிருப்பான்."

"போட்டிருக்கலாம்."

"ஆறுதல் சொல்ல வேற வார்த்தையே இல்லையா உங்களுக்கு?"

"இல்ல. வா, ஃபாரத்தை நிரப்பு. போல்ட் இருக்கோ இல்லையோ, துப்பாக்கி துப்பாக்கிதான். இன்னிக்கு எடுக்கலேன்னா, நாளைலேர்ந்து கடை பூட்டு, அப்புறம் சீசன் முடிஞ்சுதான்."

அவள் எழுதினாள். துப்பாக்கி உனக்கா, வேறு ஆளுக்காக வாங்குகிறாயா என்ற இடத்தில் நிமிர்ந்தாள்.

"நீதான் பணம் குடுத்த. நீதான் வாங்கற. வாங்கின பிறகு புருஷனுக்குப் பரிசாக் குடு, பூனைக்குக் குடு. இப்போதைக்கு இது ஹெல்வி கங்காஸோட துப்பாக்கி."

ஆர்மண்ட் விசாரணைக்குப் போன் போட்டார். அன்றைக்கு நாடு முழுக்க எல்லாக் கடைக்காரனும் அதே நம்பருக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தான். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. பியானோ. முடிந்தது, திரும்பவும் முதலிலிருந்து ஓடியது. வெளியே வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது. இங்கே நவம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். புதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துக் குறி சரிசெய்யாமல் காட்டுக்குக் கொண்டுபோக ரெய்னோ சம்மதிக்க மாட்டான், இருட்டில் குறி பார்க்கவும் முடியாது. ஹெல்வி ஜன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜோலீன் உள்ளே வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். தபால் வண்டியின் எஞ்சின் வெளியே ஓடிக்கொண்டேயிருந்தது.

பாட்டு நின்றது. ஆர்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்து பெயர், பிறந்த தேதி, எல்லாம் சொன்னார். கேட்டார். தலையாட்டினார். போனை வைத்தார்.

"இறைச்சி உருண்டை தின்னு யாரும் சாகலையாம். எடுத்துக்கிட்டு ஓடு."

வீட்டில் ரெய்னோ இல்லை. வாளியில் பாதி உரித்த கிழங்கு, மேஜையில் கத்தி. அடுப்பு அணைந்திருந்தது. ஹெல்வி சமையலறை நடுவில் நின்று, "ரெய்னோ!" என்று கத்தினாள். பதில் வரவில்லை. ஆனால் தூரத்தில் சரளைக் குழிப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. சீசனுக்கு முந்தின நாள் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் கிடப்பார்கள். கஸ் வந்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

குழியில் வண்டிகள் வளைவாக நின்றன, வேடிக்கை பார்க்க நானும் நின்றேன். ஆரஞ்சுச் சட்டைகள், ஆரஞ்சுத் தொப்பிகள். தூரத்து மணல் மேட்டில் வரிசையாகப் புள்ளி போட்ட குறிக் காகிதங்கள். கஸ் குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ரெய்னோ தூரநோக்கிக் கண்ணாடியில் இடது கண்ணை வைத்து, "கீழ. இன்னும் கீழ. நீ மானைச் சுடப் போறியா, மாடி வீட்டையா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஹெல்வி வண்டியை நிறுத்திப் பெட்டியோடு இறங்கினாள். தலையில் இன்னும் வலை. அவளுக்குப் பின்னால் ஆர்மண்டின் வண்டி. வருடத்திலேயே வியாபாரம் அதிகமான நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் தபால் வண்டி.

யாரோ ஹார்ன் அடித்தார்கள். சுடுவது நின்றது. எல்லோரும் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள்.

"எங்க?" என்றாள் ஹெல்வி.

"எது எங்க?"

"நடிக்காத ரெய்னோ. ஆத்துல போட்டியா? சொல்லிடு. போட்டிருந்தா போட்டேன்னு சொல்லு, நான் இதையும் கொண்டுபோய் அங்கயே போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்."

"ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தானே?"

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே! ஒரு வாரமா என் எதிர்ல கிழங்கு உரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தியே, கல்லுளிமங்கா!"

"நீயும்தான் ஒரு மாசமா என் எதிர்ல உக்காந்திருந்த."

"நான் உனக்கு நல்லது பண்ண உக்காந்திருந்தேன்!"

"என்னைக் கேட்டியா? ரெய்னோ, உனக்கு வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல!"

கஸ் சிரித்துவிட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டான்.

"அக்கா, மச்சான், சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. வெளிச்சம் போகுது" என்றான் தரையைப் பார்த்தபடியே.

ரெய்னோ சட்டைப் பைக்குள் கைவிட்டான். போல்ட்டை எடுத்தான். ஹெல்வி மூச்சை இழுத்தது எல்லோருக்கும் கேட்டது. எண்ணெய்த் துணி இல்லை. ஒரு வாரம் அவன் கையிலேயே இருந்து இரும்பு பளபளத்தது.

"தூக்கிப் போடத்தான் பாலத்துக்குப் போனேன். போட முடியல. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்காத."

அவள் பெட்டியை நீட்டினாள்.

அவன் துப்பாக்கியை எடுத்தான். கட்டையில் கையை ஓட்டினான். யாரோ மணல் மூட்டையைக் கொண்டுவந்து வண்டி முகப்பின் மேல் வைத்தார்கள். போல்ட்டை உடனே போடவில்லை அவன். துப்பாக்கியை மூட்டைமேல் படுக்கவைத்து, பின்பக்க ஓட்டையில் இடது கண்ணை வைத்துக் குழல் வழியாகவே காகிதத்தைப் பார்த்தான். நடுப்புள்ளி குழலுக்குள் வட்டமாக வரும்வரை மூட்டையைத் தட்டித் தட்டி நகர்த்தினான். பிறகு துப்பாக்கியின் மேலே பொருத்திய, திருகிக் குறியை நகர்த்துகிற தொலைநோக்கி வழியாகப் பார்த்தான். திருகினான். திரும்பவும் குழல். திரும்பவும் திருகு. பனி தொப்பிகளில் விழுந்துகொண்டிருந்தது. போல்ட்டைச் செருகினான். அது உள்ளே போன சத்தம் இவ்வளவு சின்னச் சத்தம் என்று நான் நினைக்கவில்லை.

ஆர்மண்ட் ஒரு பெட்டித் தோட்டாவைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "காசு அப்புறம்" என்றார். இது அவர் வாயிலிருந்து வந்து நாங்கள் கேட்டதில்லை.

"எல்லாரும் பின்னால!" என்று கஸ் கத்தினான்.

முதல் குண்டு. கஸ் கண்ணாடியில் கண்ணை வைத்து, "காகிதத்துல பட்டிருக்கு! ஆனா மேல! மச்சான், காகிதத்துல..." என்று சொல்லி முடிக்கவில்லை. இரண்டாவது குண்டு வெடித்துவிட்டது. குழல் அசையவேயில்லை. கன்னம் கட்டையிலிருந்து எழவில்லை. இடது கை மட்டும் மேலே, பின்னால், முன்னால், கீழே என்று போய்வந்தது. கூட்டத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. ஜோலீன் தபால் தொப்பியைக் கழற்றி வீசினாள்.

"ரெண்டும் ஒரே ஓட்டை மாதிரி இருக்கு! ஒட்டிக்கிட்டு இருக்கு!"

"கத்தாத. எவ்வளவு மேல?"

"ஒரு சாண்."

திருகினான். சுட்டான். "விரல் அளவு மேல!" திருகினான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஒருவன் தன் வண்டியைத் திருப்பி முகப்பு விளக்கைப் போட்டான், இன்னொருவன், பிறகு எல்லோரும். காகிதங்கள் மஞ்சளாக எரிந்தன. "நடுவுல!" இன்னொன்று. "நடுவுல!" இன்னொன்று. கஸ் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தான். சும்மா கையைத் தூக்கினான். குழி முழுக்க ஹார்ன்கள். ஆர்மண்ட் மூக்கைச் சிந்திவிட்டு, குளிர் என்றார். ஹெல்வி வண்டியில் சாய்ந்து நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பார்ப்பவர்களையும் சிரிக்கவைக்கிற சிரிப்பு.

"அப்ப கிளம்பு மச்சான்!" என்றான் கஸ். "ராத்திரியே கேம்ப்புக்குப் போயிடலாம். உன் கட்டில்ல எவனையும் படுக்க விடல நான். காலைல மேட்டுல உக்காந்தா ஒன்பது மணிக்குள்ள கொம்பு மான் விழுந்துடும்!"

ரெய்னோ போல்ட்டைக் கழற்றினான். துடைத்தான். துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"நான் வரல."

ஹார்ன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"என்ன மச்சான் இது? இப்பதானே..."

"காகிதம் நகராது கஸ். காகிதம் எதிர்லயே நிக்கும்." கறுப்புத் துணியைத் தொட்டுக் காட்டினான். "இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே கிடையாது. இருட்டுகூட இல்ல, ஒண்ணுமே இல்ல. நேத்து பாலத்துல ஒரு பையன் வலது பக்கமா வந்து என் மேல இடிச்சான். இடிச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது. காட்டுல அந்தப் பக்கமா ஒரு ஆள் வந்தா? நான் மானைப் பார்த்துத் திரும்பறேன், நடுவுல ஒருத்தன் நடந்து வரான்னு வையி. அதுக்கு இடது கைத் துப்பாக்கி என்ன பண்ணும்?"

இதுவரைக்கும் அவன் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கைதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஹெல்வியும்தான். அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"அதுக்கு என்ன, நான் உக்காரறேன் உன் வலது பக்கத்துல" என்றான் கஸ்.

"நீயா? நீ ஏழு மணிக்கே குறட்டை விடுவ. போன வருஷம் ஒரு மான் வந்து உன்னை மோந்து பார்த்துட்டுப் போச்சு."

"அது பொய்!"

"நான் பார்த்தேன்."

"நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு" என்றாள் ஹெல்வி.

ரெய்னோ அவளைப் பார்க்க முழு உடம்பையும் வலது பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினான்.

"குளிரும்."

"இருநூறு பேருக்குச் சமைக்கறவ நான். குளிர்ப்பெட்டிக்குள்ள மணிக்கணக்கா நின்னிருக்கேன்."

"பேசக் கூடாது. இருமக் கூடாது. நாலு மணி நேரம் அசையாம உக்காரணும்."

"ஆறு மாசமா உன்கூட அப்படித்தானே உக்காந்திருக்கேன்."

கஸ் பதறிவிட்டான். "அக்கா, கேம்ப்புக்கா? சீசன் ராத்திரியா? பொண்டாட்டிங்க வரக் கூடாதுன்னு அப்பா காலத்துலேர்ந்து இருக்கு. உள்ள பத்துப் பேரு படுத்திருப்போம், எல்லாம் ஜட்டியோட..."

"ஜட்டி போட்டிருப்பீங்கன்னு சொன்னதே நிம்மதியா இருக்கு."

"மச்சான், நீயாவது சொல்லு!"

"நான் என்ன சொல்றது? துப்பாக்கி அவ பேர்ல இருக்கு. கிழவர்கிட்டயே கேளு."

"சட்டப்படி அவளோடதுதான்" என்றார் ஆர்மண்ட், நீதிபதி மாதிரி. "அவ வந்தாத்தான் அது வரும். ஆரஞ்சுச் சட்டை என் வண்டியில ஒண்ணு இருக்கு. போட்டுக்கிட்டுப் போ பொண்ணே. அந்த வலைய கழட்டு முதல்ல."

சட்டை அவளுக்கு முட்டிவரைக்கும் வந்தது. கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள். கஸ் முனகிக்கொண்டே போய்த் தன் வண்டியில் ஏறினான், மற்றவர்களுக்கு முன்னால் போய் எச்சரிக்க வேண்டுமாம். ரெய்னோ பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டினான். இடது பக்கம், ஸ்டியரிங் முன்னால் ஏறினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வண்டி ஓட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஹெல்வி சுற்றிவந்து அவனுக்கு வலது பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வண்டி குழியிலிருந்து மேலேறி ரோட்டு முனையில் வந்து நின்றது. இருட்டிவிட்டது. பனி கனத்துவிட்டது.

"வலது பக்கம் லாரி வருது" என்றாள் அவள். "தடி ஏத்திக்கிட்டு வரான். இரு."

அவன் இருந்தான்.

"இன்னும் வருது. இரு. இரு."

லாரி அவர்கள் முன்னால் பெரிய காற்றோடு கடந்துபோனது.

"போயிடுச்சு. இப்பப் போ" என்றாள். அவன் வண்டியை எடுத்தான்.